குருக்கள் அனுப்பிய காலிக் குப்பி

போன வியாழக்கிழமை காலை, டிபன் தட்டு கையில் இருக்கும்போதே ஏழுமலையிடமிருந்து போன் வந்தது. ஏழுமலை எங்கள் பவுடர் யூனிட்டில் உலை பார்ப்பவர், அடி அண்ணாமலைக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். "சார், குருக்கள் போயிட்டாரு. காலையில பல்லு விளக்கினு இருந்தாராம். அப்படியே சாஞ்சுட்டாரு" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, கோபம். "யோவ், நேத்து சாயந்திரம் தானேயா என்கிட்ட சாம்பிள் குடுத்தாரு!" என்று கத்தினேன், ஏதோ ஏழுமலைதான் செய்துவிட்டது போல. அவர் போனை வைத்துவிட்டார்.

கோயில் மதிலை ஒட்டிய தெருவில் அவர் வீடு. கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். நெற்றி நிறைய விபூதி, கைகளிலும் மார்பிலும் பட்டை பட்டையாக விபூதி. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஒன்பது வருஷமாக நான் பார்த்தது அவருடைய வெறும் நெற்றியைத்தான். தினமும் காலையில் யூனிட் கேட்டில் நின்று கழுவிவிட்டு உள்ளே வருவார், வீட்டுக்குப் போகும்போது மறுபடி பூசிக்கொள்வார். ஏன் அப்படி என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

வெளியே பந்தலில் நம் ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். பெயர் வேண்டாம், அவர்கள் மேல் தப்பில்லை. "தங்கமான மனுஷன்பா. அந்த விபூதி கேஸ் மட்டும் இல்லன்னா எப்பவோ மேனேஜர் ஆகியிருப்பாரு" என்றார் ஒருவர். இன்னொருவர் லேசாகச் சிரித்தார். அந்தப் பக்கமாகத் தண்ணீர்க் குடத்தோடு வந்த அபிராமி, குருக்களின் மகள், அதைக் கேட்டுவிட்டாள். வேலூரில் வேலை பார்க்கும் பெண், விஷயம் தெரிந்தவள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். "அங்கிள், அப்பாவோட விபூதியால ரெண்டு பேட்ச் கெட்டுப் போச்சுன்னு சொல்றாங்களே, நிஜமா? அப்பா எங்ககிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. நீங்க தானே டெஸ்ட் பண்ணீங்க?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்" என்றேன்.

சொல்லிவிட்டு செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.  அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என் ஐம்பத்தெட்டு வயதில் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது அப்போதுதான்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழமை யூனிட்ல ஒரு கூட்டம் வெச்சுக்கலாம் சார். குருக்கள் வீட்டுக்காரங்களையும் வரச் சொல்லியிருக்கேன். நீங்க தான் அவருக்கு ரொம்ப நெருக்கம். நாலு நல்ல வார்த்தை எழுதிட்டு வந்து படிங்க" என்றார். எழுதியிருக்கிறேன். முதலாளி, நீங்களும் முன்வரிசையில்தான் இருப்பீர்கள், தயவு செய்து எழுந்து போகாமல் கேளுங்கள். அபிராமி, நீயும் கேள். அந்த இரண்டு பேட்ச்சை உன் அப்பா கெடுக்கவில்லை. எனக்குத் தெரியும். ஒன்பது வருஷமாகத் தெரியும்.

வெளியாட்கள் சிலரும் இருப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேங்கிக்கால் தாண்டி அவலூர்பேட்டை ரோட்டில் தகரக் கூரை போட்ட ஷெட்தான் எங்கள் யூனிட். நாங்கள் செய்வது சிர்கோனியா பவுடர். பல் டாக்டர்கள் மாட்டிவிடுகிற வெள்ளைத் தொப்பிப் பல் இருக்கிறதே, அது இந்த மாதிரிப் பவுடரை அழுத்திச் சுட்டுச் செய்வது. முகத்துக்குப் போடும் பவுடரை இதன் பக்கத்தில் வைத்தால் அது கருங்கல் ஜல்லி. அவ்வளவு நைசாக எந்த மில்லிலும் அரைத்துவிட முடியாது, தண்ணீரிலேயே அது பிறக்க வேண்டும். சிர்கோனியம் உப்பைக் கரைத்து, அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டால், பால் திரிவது போல வெள்ளையாகத் திரியும். அதை வடிகட்டித் துணியில் பிடித்து, உப்பு போகிற வரை சுத்தத் தண்ணீரில் கழுவி, கடைசியில் ஆல்கஹாலில் அலசி, உலர்த்தி, உலையில் வைத்து எடுப்போம். வடிகட்டியில் நிற்கும் அந்த ஈரக் கட்டியைக் கேக் என்போம். கேக்கில் உப்பு நின்றாலும் கெட்டது, ஆல்கஹாலுக்குப் போகும் முன் அது காய்ந்தாலும் கெட்டது. காய்ந்தால் கல்லாகிவிடும், பிறகு எந்தச் சாமி வந்தாலும் பொடியாகாது.

கழுவுகிற அந்தக் கூடம் முழுக்கக் குருக்களின் ராஜ்யம். வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் அவர் சோமசுந்தரம். கோயில் பூஜை செய்யும் குடும்பம், இவர் மட்டும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து இங்கே வந்துவிட்டார். வீட்டுப் போனில் "வாங்கோ, போங்கோ" என்பார், எங்களிடம் திரும்பியதும் "வாங்க, போங்க". அவர் கழுவுவதைப் பார்த்து ஏழுமலை கிண்டல் செய்வார்: "இன்னா குருக்களே, அங்க பாலாபிஷேகம், இங்க அம்மோனியா அபிஷேகமா?" குருக்கள் குவளையைச் சாய்த்தபடியே சொல்வார், "சாமிக்கு ஒரு குடம் போதும்பா, அதுக்கு மேல ஒண்ணும் கேட்க மாட்டாரு. இதுக்கு எட்டு குடம் ஊத்தினாலும் இன்னும் உப்பு இருக்குன்னு காட்டிக் குடுக்கும்." யாராவது சீக்கிரம் என்று முண்டினால் ஒரே பதில்தான். "அவசரம் இருக்கிறவங்க அந்தப் பக்கம் நில்லுங்க. தண்ணி அதோட வேகத்துல தான் எறங்கும்."

நான் டெஸ்டிங். எம்.எஸ்ஸி. சாமி கும்பிடாதவன், அதை ஒரு பட்டம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவன். அவரைவிட எனக்கு இரண்டு வயசு ஜாஸ்தி, வாய் இருபது வயசு ஜாஸ்தி. கையுறை போட மாட்டேன். குடுவையை மூடி போட்டுக் குலுக்க மாட்டேன், ஆள்காட்டி விரலால் அதன் வாயை அடைத்துக் கவிழ்த்துக் குலுக்குவேன். முப்பது வருஷப் பழக்கம், யார் என்னைக் கேட்பது? அந்த வருஷம் நெஞ்சில் இரைப்பு வந்து, டாக்டர் திட்டி, சிகரெட்டை விட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போட ஆரம்பித்தேன். நான் டெஸ்ட் செய்கிற தராசு ரூமின் பின்கதவில் நின்று, டப்பாவிலிருந்து விரலில் சுண்ணாம்பை எடுத்து வெற்றிலையில் தடவுவேன். விரலில் ஒட்டிய மிச்சத்தைக் கதவு நிலையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, கையை லேப் கோட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவேன். நம் ஊரில் எந்தச் சுவரில் அந்த வெள்ளைக் கோடு இல்லை?

சுண்ணாம்பு என்றால் கால்சியம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. இல்லை, தெரியும், என் விரலில் இருப்பது கெமிஸ்ட்ரி என்று தோன்றவில்லை.

அதே மாதம் குருக்களின் அண்ணன் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். காலைப் பூஜையை இவர் பார்க்க வேண்டியதாயிற்று. உச்சிக்காலம் முடித்துவிட்டு, விபூதிப் பட்டையோடு அப்படியே மதியம் வந்து கழுவ நிற்பார். வழக்கமான பேட்ச்களைக் காலையில் வேறு ஆட்கள் கழுவினார்கள். ஆனால் பல் செய்கிற ஒரு கம்பெனிக்காக மூன்று சோதனைப் பேட்ச் செய்து காட்ட வேண்டியிருந்தது. கால்சியம் கொஞ்சமும் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை, சுடும்போது பல் விரிசல் விடுமாம். அந்த மூன்றையும் குருக்கள்தான் கழுவ வேண்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டார். அதனால் எல்லாம் மதியத்தில் வந்தது.

முதல் பேட்ச். கேக்கில் ஒரு துண்டை அமிலத்தில் கரைத்து, ஃபிளேம் போட்டோமீட்டரில் விட்டேன். அது காஸ் அடுப்பு மாதிரிதான், நீலச் சுடரில் கரைசலைத் தூவும்போது கால்சியம் இருந்தால் சுடர் செங்கல் நிறம் காட்டும், எவ்வளவு என்று எண்ணும் சொல்லும். செங்கல் நிறம் வந்தது. எண்ணும் ஏகத்துக்கு ஏறியது. கழிவுக் குழியில் கொட்டச் சொன்னேன். இரண்டாவது பேட்ச்சிலும் அதே கதை. காலைப் பேட்ச் எல்லாம் சுத்தம், குருக்கள் தொட்டதில் மட்டும் கால்சியம். எனக்கு இதைவிடத் தெளிவாக வேறென்ன வேண்டும்? விபூதி சாம்பல், சாம்பலில் கால்சியம். கண்டுபிடித்த சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எல்லோர் முன்னாலும் கழுவும் கூடத்துக்குப் போய்ச் சொன்னேன். உங்களில் பாதிப் பேர் அன்றைக்கு அங்கே நின்றீர்கள். "குருக்களே, கோயில்ல சாமிக்குப் பூசுங்க. என் பவுடருக்குப் பூசாதீங்க."

சிரித்தார்கள். குருக்களின் காது சிவந்தது. "தலைக்குத் துணி கட்டிட்டு தான் சார் நிக்கறேன். முழுக்கைச் சட்டை போட்டிருக்கேன். எதுவும் உதிரலை" என்றார்.

"அப்ப இது ஆகாசத்துலேருந்து வந்துச்சா?"

அவர் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். இரண்டாவது பேட்ச்சைக் குழியில் தள்ளும்போது வந்து பக்கத்தில் நின்றார். மதியம் முழுக்க நின்று கழுவியது. ஒரு துளி எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். "நல்லா தானேங்க வந்திருக்கு" என்று ஏழுமலையிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. அன்று சாயந்திரமே நான் ஒரு தகரப் பலகை வாங்கி, என் கையாலேயே பெயிண்டில் எழுதி, கேட்டில் மாட்டினேன். 'விபூதி, குங்குமம், சந்தனம் கழுவிவிட்டு உள்ளே வரவும்.' மறுநாள் மதியம் கேட்டுக் குழாயில், வாட்ச்மேன் பார்க்க, குருக்கள் குனிந்து நெற்றியைக் கழுவினார். கோயிலிலிருந்து நேராக வந்த மனிதர்.

மூன்றாவது பேட்ச் சித்ரா பௌர்ணமியன்று விழுந்தது. பௌர்ணமி என்றால் நம் ஊரில் என்ன என்று சொல்ல வேண்டாம். ஆட்கள் பாதிப் பேர் கிரிவலப் பாதையில் கடை போட்டிருந்தார்கள். ஏழுமலை வீட்டிலும் சர்பத் கடை, முதலாளி கெஞ்சிக் கூத்தாடி அவரை வரவழைத்திருந்தார். பல் கம்பெனிக்காரர், ரோட்டை அடைப்பதற்குள் காலையிலேயே வந்து ஆபீஸ் ரூமில் உட்கார்ந்துவிட்டார். குருக்களுக்கு ஆட்டோ கிடைக்கவில்லை, அந்த வெயிலில் கோயிலிலிருந்து நடந்தே வந்தார். கேட்டில் நெற்றியைக் கழுவினார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வேலையில் இறங்கினார்.

முதலாளி முன்பே சொல்லியிருந்தார். இந்தத் தடவையும் கால்சியம் வந்தால் குருக்கள் கழுவும் கூடத்துப் பக்கமே வரக் கூடாது, பேக்கிங்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கூடத்தின் குழாய், தொட்டி, வடிகட்டி ஒவ்வொன்றும் அவர் யோசித்து வைத்தது. அதை விட்டுப் போ என்றால் அவருக்கு என்ன மிஞ்சும்? அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. எனக்கும்.

எட்டாவது கழுவல் முடிந்து சாம்பிள் வந்தபோது மணி மூன்று. நான் சாப்பிட்டு, வெற்றிலை போட்டு முடித்திருந்தேன். கரைத்தேன், விரலால் அடைத்துக் குலுக்கினேன், விட்டேன். செங்கல் நிறம்.

முதலாளி வாசலிலேயே நின்றிருந்தார். "வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

அவர் கூடத்தைப் பார்த்துத் திரும்பினார். "இன்னியோட சரி குருக்களே. நாளையிலேருந்து பேக்கிங் பக்கம் போயிடுங்க." குரலை உயர்த்தவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. கம்பெனிக்காரருக்கு எப்படிச் சொல்வது என்று தலையைத் தேய்த்துக்கொண்டே ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

குருக்கள் தராசு ரூமுக்குள் வந்தார். அந்த ரூமுக்குள் அவர் வருவது வழக்கமில்லை. சட்டையெல்லாம் வேர்வை. "சார், பிளாங்க் போட்டீங்களா?" என்று கேட்டார்.

பிளாங்க் என்றால் சாம்பிளே போடாமல், வெறும் அமிலத்தையும் தண்ணீரையும் மட்டும் அதே மாதிரி செய்து பார்ப்பது. நம் தண்ணீரிலோ பாத்திரத்திலோ கோளாறு இருந்தால் அதில் தெரிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் போட வேண்டும். நான் காலையில் ஒன்று போட்டு அன்றைக்கு முழுக்க அதையே வைத்து ஓட்டுவேன்.

"காலையிலயே போட்டாச்சு. சுத்தம்."

"இப்ப ஒண்ணு போடுங்க."

"யோவ், எனக்கே சொல்லித் தர்றியா?" மரியாதையை விட்டுவிட்டேன். அதுவரை அவரை நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் கூடத்துப் பக்கம் கையைக் காட்டினார். "கேக் காயுது சார். ஓரம் வெளுக்க ஆரம்பிச்சுடுச்சு. இந்த வெயிலுக்குக் கால் மணி நேரம் தாங்கும். சண்டையை அப்புறம் போட்டுக்கலாம், இப்ப பிளாங்க் போடுங்க." கதவு வழியாகக் கத்தினார், "ஏழுமலை, தண்ணி தெளிச்சுட்டே இரு. காய விட்டுடாதே!"

அவர் மூக்கை உடைக்கத்தான் போட்டேன். அமிலம் ஊற்றினேன், தண்ணீர் ஊற்றினேன், விரலால் அடைத்துக் குலுக்கினேன், சுடரில் விட்டேன்.

செங்கல் நிறம்.

ஒன்றுமே போடாத தண்ணீரில் கால்சியம்.  குருக்கள் குனிந்து சுடரையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். பின்கதவின் நிலையில் வரிசையாக இருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். அங்கிருந்து என் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். நகக்கண்ணில் வெள்ளை இருந்தது. நானும் அப்போதுதான் பார்த்தேன். காலைப் பேட்ச்களை எல்லாம் நான் வெற்றிலை போடும் முன்பே டெஸ்ட் செய்துவிடுவேன்.

கத்தியிருக்கலாம். முதலாளியைக் கூப்பிட்டிருக்கலாம். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் எல்லோர் முன்னாலும் காட்டியிருக்கலாம், நான் செய்ததற்கு அது சரியாகத்தான் இருந்திருக்கும். "கை கழுவிட்டு வாங்க சார்" என்றார். அவ்வளவுதான்.

சோப்புப் போட்டுக் கழுவினேன். வடித்த தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். புதுக் குடுவை, மூடி போட்டுக் குலுக்கினேன். பிளாங்க் நீலமாக எரிந்தது. அவர் ஓடிப்போய் வேறு துண்டு எடுத்து வந்தார், கரைத்து விட்டேன், அதுவும் நீலம். எண் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. அவர் கண்ணை மூடித் திறந்தார், "ஆல்கஹால் ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு ஓடினார்.

நான் ஆபீஸ் ரூமுக்குப் போனேன். இனிமேல் சொல்லப் போவதுதான் எனக்குக் கஷ்டமான இடம். "கால்சியம் இல்ல. பாஸ்" என்றேன். "இப்ப தானே சார் வந்துடுச்சுன்னீங்க?" என்றார் முதலாளி. வாய் வரை வந்தது. கம்பெனிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் ரீடிங் தப்பு. மெஷின் தகராறு" என்றேன்.

முதலாளி துள்ளி எழுந்து என் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா! போர்டு வெச்சதும் சரியாயிடுச்சு. விபூதியைக் கழுவுனதும் கால்சியம் போயே போச்சு. எங்க சார் மூளையே மூளை!" கம்பெனிக்காரரும் சிரித்தார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குருக்கள் ஆல்கஹால் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது எனக்குத் தெரியும், ஏனென்றால் கை ஒரு நொடி நின்றது. தலை நிமிரவில்லை. மறுபடி ஊற்றினார்.

அந்த ஆர்டரில்தான் இந்த யூனிட் இன்றைக்கும் நிற்கிறது. அன்றிலிருந்துதான் அது விபூதி கேஸ் ஆயிற்று. முதல் இரண்டு பேட்ச் குருக்களால் போச்சு, மூன்றாவது சாரால் பிழைச்சது. இப்படித்தான் உங்கள் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் பேச்சு வந்தபோது, "நல்லவர் தான், ஆனா அந்த விஷயம்" என்று முதலாளி இழுத்தபோதும் நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். டீ ஆறிப்போகிறதே என்று குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் பெருந்தன்மையாக மன்னித்தார் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். பொய். ஆறு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து ஒன்று செய்தார். சாம்பிள் குப்பியோடு இன்னொரு குப்பியும் சேர்த்து அனுப்பினார். காலிக் குப்பி, கழுவித் துடைத்தது. மேலே ஒட்டிய சீட்டில் அவருடைய குண்டு குண்டான கையெழுத்தில் 'வெறும்' என்று இருக்கும். முதலில் பிளாங்க் போடு என்று அர்த்தம். முதல் நாள் அதைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. குப்பையில் போட்டேன். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. நாலாவது நாள் பேசாமல் பிளாங்க் போட்டேன். சுண்ணாம்பு டப்பாவை வாட்ச்மேனிடம் கேட்டிலேயே விட ஆரம்பித்தேன். சார் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் என்று அதற்கும் எனக்குத்தான் பேர் வந்தது.

ஏழாவது மாதம் ஒரு நாள் தராசு ரூம் வாசலில் நின்று, தன் ஆள்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினார். எனக்குப் புரிந்தது. நானும் என் விரலைத் தூக்கிக் காட்டினேன், சுத்தம் என்று. அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தார். அதற்குப் பிறகு தினமும் அந்த விளையாட்டு நடந்தது. ஏழுமலை அதைப் பார்த்துவிட்டு "இன்னா சார், யாரு அவுட்டு?" என்று கேட்பார். நான்தான் அவுட் என்று அவருக்கு யார் சொல்வது?

ஒரு தடவை கேட்டது மட்டும் மறக்க முடியாது. அவர் அண்ணன் எழுந்து நடமாட ஆரம்பித்து, இவர் பழையபடி காலையில் வேலைக்கு வந்துகொண்டிருந்த சமயம். கேட்டுக் குழாயில் நெற்றியைக் கழுவிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல், "நீங்க எதுக்கு குருக்களே இன்னும் கழுவறீங்க? அதுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லன்னு நம்ம ரெண்டு பேருக்கும் தெரியும்ல?" என்றேன்.

"போர்டுல இருக்கே சார்."

"அது நான் எழுதினது தானே?"

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "விபூதி விழுந்தாலும் கால்சியம் தான் சார். நீங்க எழுதினது தப்பில்ல. என்னை நெனச்சு எழுதினீங்க பாருங்க, அது தான் தப்பு."

"முதலாளிகிட்ட சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க. நான் வேணாம்னு சொல்லலையே" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நான் வருவேனா என்று பார்த்து நின்றார். ஆபீஸ் ரூம் இருபது அடிதான். "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு அவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அந்த 'நாளைக்கு', இத்தனை வருஷம் கழித்து, அவர் இல்லாதபோது, இன்றைக்குத்தான் வந்திருக்கிறது.

முதலாளி, நேற்று கேட்டு போர்டை நான் இறக்கி எழுதிக்கொண்டிருந்தபோது, இது எதற்கு இப்போது என்று கேட்டீர்கள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன், இந்தத் தடவை சொல்லிவிட்டேன். ஏழுமலை கூட, விபூதிக்கு மேலே முதல் வார்த்தையாகச் 'சுண்ணாம்பு' என்று நான் எழுதியதைப் பார்த்து, "இது யாருக்கு சார்?" என்றார். எனக்குத்தான்யா. இனிமேல் விபூதி கேஸ் என்று யாராவது சொன்னால், அந்தப் பேர் தப்பு, சுண்ணாம்புக் கேஸ் என்று திருத்துங்கள். என் பேரைச் சேர்த்துக்கொண்டாலும் எனக்கு வருத்தமில்லை.

புதன்கிழமை சாயந்திரம் அவர் கடைசியாகக் கொடுத்த சாம்பிளை வெள்ளிக்கிழமை டெஸ்ட் செய்தேன். கூடவே காலிக் குப்பி. முதலில் அதைத்தான் போட்டேன், நீலமாக எரிந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்து விரலைத் தூக்கினேன். அந்தப் பக்கம் யாரும் இல்லை. அழுதுவிட்டேன். அந்தக் குப்பியைக் கழுவித் துடைத்து, 'வெறும்' என்ற சீட்டுக் கிழியாமல், சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான், அதை நான் யாருக்கும் தர மாட்டேன்.

அபிராமி, பந்தலில் நீ கேட்டாய். நான் குனிந்துகொண்டேன். இப்போது உன் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். உன் அப்பா கழுவிய மூன்று பேட்ச்சும் சுத்தமாகத்தான் இருந்தன, அம்மா. இரண்டை நான் குழியில் கொட்டினேன். அழுக்கு என் விரலில் இருந்தது. கழுவியது உன் அப்பா நெற்றியை.